பன்னிரண்டு மீற்றர்

லத்தீப் உள்ளே வைத்தது மூன்று தகடுகள். கருவி நாலாவதாகவும் ஒன்றைக் காட்டியது.

சுலோஜனாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பழுதாகி ஆள் நுழைய முடியாமல் போன அணு உலைக்குள் எது உருகி எதனோடு கலந்து கிடக்கிறது என்று வெளியே இருந்தபடியே அறியும் கருவி அது. நூல் போன்ற வடம் உள்ளே போகும். அதன் நுனியிலிருந்து சிவப்பொளி குறிபார்க்கும், லேசர் பாய்ந்து ஊசிமுனையளவு பொசுக்கும், அந்தப் பொறியின் நிறத்தை வைத்துத் திரை பொருளின் பெயரையும் வட நுனியிலிருந்து அதன் தூரத்தையும் சொல்லும். மடுல்சீமை மலைத்தோட்டத்தில் உலைக்கு எங்கே போவது? மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புப் புகை போக்கும் இடிந்த புகைக்குகையே ஒத்திகைக்குப் போதும் என்று 2007இல் ஆய்வுகூடத்தார் அவளை அனுப்பிவிட்டார்கள்.

குகைவாசலுக்கு நேரே, பன்னிரண்டு மீற்றர் தள்ளி மேசை. உதவியாளன் லத்தீப் பதுளைக்காரன். பள்ளிவாசலுக்குள் போவதுபோல எங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவான். அதையே இருவரும் விதியாக்கிக்கொண்டார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே; லேசரின் சாவியைத் திருப்பக்கூடாது. இன்று பிற்பகல் மூன்றுக்கே மூடுபனி இறங்கி, ஈரக் கரி வாடையோடு வாசலை மறைத்துவிட்டது. எழுந்துபோய்ப் பார்க்கப் பஞ்சிப்பட்டு அவள் வோக்கி டோக்கியை எடுத்திருந்தாள்.

"லத்தீப், வெளியில வந்திட்டீங்களோ?"

"வந்துட்டேன் மிஸ்."

சாவியைத் திருப்பினாள். இரும்பு. சேர்க்கோனியம். சீமெந்து. அதன் பிறகுதான் இந்த நாலாவது. நான்கு மீற்றரில் கல்சியம், பொசுபரசு.

எலும்பு. அல்லது பல்.

செத்த பன்றியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கருவி மறுபடி டிக் என்றது. அதே பொருள். இரண்டு மீற்றர்.

"லத்தீப், எங்க நிக்கிறீங்கள்?"

"வந்துட்டேன் மிஸ்."

அதே குரல். அதே இழுப்பு. மூச்சு வாங்கிய இடம்கூட அதே.

அப்போதுதான் மேசையில் சாப்பாட்டுப் பார்சலுக்குப் பின்னால் அவனுடைய வோக்கி டோக்கி கிடப்பதைக் கண்டாள். அணைத்திருந்தது.

பனி சற்று விலகியது. வாசலில் செருப்புகள், உள்நோக்கியபடி.

ஐயோ, என்ர கையாலயே சுட்டுப்போட்டனே. சாவியைப் பிடுங்கினாள்.

"லத்தீப்! வெளியில வாங்கோ!"

வடம் மட்டும் தரையில் உரசியது. நின்றது. மறுபடி உரசியது. வெளியே வரும் சத்தம்.

டிக்.

சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது.

திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு மீற்றர். தங்கம். கொஞ்சம் செம்பு.

கழுத்துக்குக் கீழே சுட்டது. குனிந்தாள். தாலியில் ஒரு சிவப்புப் புள்ளி.

"வந்துட்டேன் மிஸ்."

இந்த முறை குரல் வாசலிலிருந்து வந்தது. ஆள் முகம் இருக்கும் உயரத்தில் அந்தச் சிவப்பொளி அசையாமல் நின்றது. அதன் கீழே வெறும் பனி. தரையில் செருப்புகள், இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தன.