களஞ்சியத்தில் கூப்பிட்ட பெயர்

மெகாபோன் காதைக் கிழித்தது.

“வெங்கடேசன்! வெங்கடேசன் ஃபேமிலி! சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கலியா?”

செஞ்சிக் கோட்டை மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூடத் திரும்பிப் பார்த்தன. பலராமன் மட்டும் திரும்பவில்லை. புளியமர நிழலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் பாறை பாறையாகக் கொதித்துக்கொண்டிருந்த ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்தபடி இருந்தான். அவன் மனைவி வினோதினி அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“யோவ், உன்னத்தான்யா கூப்டறாங்க!”

அப்புறம்தான் உறைத்தது. பதறி எழுந்து கையைத் தூக்கினான். பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த எச்.ஆர். ரகு வாய்விட்டுச் சிரித்தான்.

“இன்னா சார், சொந்தப் பேரே மறந்து போச்சா? ஓ.டி. ஜாஸ்தியா?”

சுற்றி இருந்த குடும்பங்கள் சிரித்தன. பலராமனும் சிரித்தான். மூன்று பொட்டலங்களை வாங்கிக்கொண்டு திரும்பும்போது காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன.

அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில்தான் வெங்கடேசன் இருந்தான். நிஜ வெங்கடேசன் இருங்காட்டுக்கோட்டையில் பக்கத்து போர்ஷன்காரன். ஒரகடம் கம்பெனியில் பர்மனென்ட், நீலச் சட்டை. பலராமன் அதே கம்பெனியில் ஆறு வருஷமாகச் சரக்கு ஏற்றும் கான்ட்ராக்ட் ஆள், சாம்பல் சட்டை. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் வைத்துக் குடும்பங்களைச் சுற்றுலா கூட்டிப் போகும். நீலச் சட்டைக் குடும்பங்களை மட்டும்.

“நம்மள மட்டும் ஏம்ப்பா கூட்டிக்கினு போறதில்ல?” என்று மகள் கலைமதி, இப்போது ஏழு வயது, போன வருஷம் கேட்டாள். அதற்கு முந்தின வருஷமும் கேட்டாள்.

இந்தத் தடவை வெங்கடேசனுக்கு வாலாஜாபாத்தில் மச்சான் கல்யாணம். “கழுத்துல மாட்டற மூணு அட்டையும் சும்மாதான்டா கெடக்குது. என் நீலச் சட்டையப் போட்டு நீ மாட்டிக்கினு போ. அந்த பஸ்ல வேற ஷிஃப்ட் ஆளுங்கதான், என்ன யாருக்கும் தெரியாது. கான்ட்ராக்ட் ஆளுங்க மூஞ்சிய எவன் பாக்கறான்? சட்டையத்தான் பாப்பான்” என்றான். அது உண்மைதான். தினமும் கேட்டில் பலராமனைக் கடந்து போகிற ரகு, காலையில் பஸ் படிக்கட்டில் அவன் கையைக் குலுக்கி, “வாங்க வெங்கடேசன் சார்” என்றான். மாட்டிக்கொள்ளாத நிம்மதியைவிட, அடையாளம் தெரியாமல் போனதுதான் அதிகமாகக் குத்தியது.

மாட்டினால் வெங்கடேசனுக்கு மெமோ. பலராமனுக்குக் கேட் மூடிவிடும். அடுத்த மாதம் பத்துப் பேரைப் பர்மனென்ட் ஆக்கும் பட்டியல் வரப்போகிறது. அதில் தன் பெயர் இருப்பதாக சூப்பர்வைசர் காதில் போட்டிருந்தார்.

அதனால்தான் விடியற்காலையில், ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து பாடம் நடத்தினான்.

“இன்னிக்கு முழுக்க நீ வெங்கடேசன் மாமா பொண்ணு, உன் பேரு சௌந்தர்யா. கலைமதின்னு யார் கூப்டாலும் திரும்பக் கூடாது. அப்பா கூப்டாலும்.”

“ஏம்ப்பா, என் பேரு நல்லால்லியா?”

அட்டையை அவள் கழுத்தில் மாட்டினான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தார்கள். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே காலை வைத்ததும், யாரோ ஈரக் கோணியை முகத்தில் போர்த்தியதுபோல ஒரு குளிர், வவ்வால் எச்சமும் பழைய சுண்ணாம்பும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வாடை, ஆள் உயரத்துக்குக் கனத்த சுவர்கள், அவற்றுக்கு மேலே கண்ணுக்குத் தட்டுப்படாமல் வளைந்து இருட்டுக்குள் போய்விடுகிற கூரை, அங்கே எதுவோ இடைவிடாமல் உரசிக்கொள்ளும் மெல்லிய சரசரப்பு. பிள்ளைகளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. எதிரொலி கேட்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

“வசந்த்!” என்று ஒரு பையன் கத்தினான். *வசந்த்… சந்த்…* என்று சுவர் திருப்பிக் கொடுத்தது.

“ஜெயம்!” *ஜெயம்… யம்…*

“எங்க வூட்டுக்காரர் பேரச் சொல்லுங்கடி. அந்த மனுசன் ஒரு தபா கூப்டா வரமாட்டாரு, சுவராச்சும் பதில் சொல்லட்டும்” என்று ஓர் அம்மாள் சொல்ல, களஞ்சியமே சிரித்தது. சிரிப்பும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

கலைமதியின் முறை. அவள் வாயைத் திறந்து, மூடி, அப்பாவைப் பார்த்தாள். பலராமன் லேசாகத் தலையசைத்து, அவள் மார்பில் இருந்த அட்டையைக் கண்ணால் காட்டினான்.

“சௌந்தர்யா!”

காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை. கல் கிணற்றில் விழுந்து தண்ணீரைத் தொடாமலேயே போனதுபோல. கூரையில் இருந்த சரசரப்பும் நின்றிருந்தது.

“சத்தமா கத்து பாப்பா” என்றான் வசந்த் பையன்.

மறுபடி கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். பெயர் போன இடம் தெரியவில்லை. அடுத்து ஒரு பெண் தன் பெயரைக் கத்தினாள். அது சமர்த்தாகத் திரும்பி வந்தது.

“அப்பா, என்னுது மட்டும் வரலியே” என்று கலைமதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாரோ எடுத்துக்கினாங்க.”

“ஒன்னும் இல்ல, வா” என்று வெளியே இழுத்து வந்தான்.

மூன்றரை மணிக்கு ரகு எல்லா ஆண்களையும் கைதட்டிக் கூப்பிட்டான். “ஸ்டாஃப் மட்டும் ஒரு குரூப் போட்டோ! வெங்கடேசன் சார், ஒளியாதீங்க, வாங்க!” வினோதினி கழிவறை வரிசையில் நின்றிருந்தாள். “இங்கயே நில்லு” என்று மகளின் கையை விட்டுவிட்டுப் போய், கடைசி வரிசையில் ஓர் உயரமான ஆளின் தோளுக்குப் பின்னால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றான். இந்தப் படம் நாளைக்கே கம்பெனி வாட்ஸ்அப்பில் வரும். மூன்று தடவை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது புளியமரத்தடியில் அவள் இல்லை.

பஸ்ஸில் எண்ணினார்கள். முப்பத்தெட்டுக்கு முப்பத்தேழு.

பலராமன் களஞ்சியத்துக்கு ஓடினான். வாசலில் மூச்சு வாங்க நின்றான். உள்ளே மத்தியானம் இருந்ததைவிட இருட்டாக இருந்தது. “கலை” என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“உள்ள கீறாளா சார்?” பின்னாலேயே ரகு, கையில் பெயர்ப் பட்டியலோடு. “கூப்பிடுங்க, லேட்டாவுது.”

நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினான்.

“சௌந்தர்யா…”

சத்தம் இல்லை.

“சௌந்தர்யா!”

பெயர் உள்ளே போனது. இந்தத் தடவையும் திரும்பவில்லை. ஆனால் அது போன இடத்திலிருந்து காலடிச் சத்தம் வந்தது. மெதுவாக. வலது பக்கத்துக் கடைசி இருட்டிலிருந்து. வெறுங்காலில் ஈரத் தரையை மிதிப்பதுபோல, பட், பட், என்று. காலையில் போட்டுவிட்ட அதே மஞ்சள் கவுன். அதே ரிப்பன். கழுத்தில் அட்டை. வந்து அவன் முன்னால் நின்று, கையை நீட்டியது.

“பாத்தீங்களா, பேரச் சொன்னதும் வந்துடுச்சு. தங்கமான பொண்ணு” என்று ரகு முன்னால் நடந்தான்.

நீட்டிய கையைப் பிடித்தான். பானைத் தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய கைபோல இருந்தது. வாசலைத் தாண்டும்போது, உள்ளே இடது மூலையில், அழுகையை அடக்கி மூச்சை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று கேட்டது.

வவ்வால் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினான்.

பஸ் கிளம்பியது. ஜன்னலோர சீட்டுக்கு எப்போதும் சண்டை போடுகிறவள், நடுவில் நேராக உட்கார்ந்தாள். கால்கள் ஆடவில்லை. வினோதினி அவள் தலையைக் கோதினாள்.

“இன்னாடி சுண்ணாம்பு வாடை அடிக்குது? எங்க போய் உருண்ட? கலை… ஏ கலை…”

திரும்பவில்லை.

வினோதினி குனிந்து கிசுகிசுத்தாள், சிரித்தபடி. “அப்பன் சொன்னத அப்படியே புடிச்சிக்கினா பாரு. போதும்டி, யாரும் கேக்கல.” கொஞ்ச நேரத்தில் அலுப்பில் கண்ணயர்ந்தாள்.

பலராமன் தூங்கவில்லை. தெள்ளார் தாண்டும்போது முன் சீட்டுக்காரர் திரும்பி, நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு முறுக்கு நீட்டினார். அது வாயைத் திறந்தது. கலைமதிக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து மேல் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரிகூட நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். இந்த வாயில் பற்கள் எல்லாம் அசையாமல், ஒரே அளவில், நெருக்கமாக நின்றன. எண்ணிக்கையில் அதிகமாக.

முறுக்கு வாய்க்குள் போனது. கடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

அவன் எழுந்துவிட்டான். கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனான். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டும். திருப்பச் சொல்ல வேண்டும். என் பிள்ளை அங்கே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை என்று கேட்பார்கள். பெயர் கேட்பார்கள். அப்புறம் அவன் பெயரைக் கேட்பார்கள். பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மத்தியானம் சிரித்த அத்தனை வாய்களும்.

“சொல்லுங்க வெங்கடேசன்” என்றான் ரகு.

உதடு அசைந்தது.

“தண்ணி… தண்ணி பாட்டில் இருந்தா ஒன்னு குடுங்க சார்.”

பாட்டிலோடு திரும்பி வந்தான். தன் கையையே வெட்டிப் போடலாம்போல இருந்தது. அடுத்த ஊரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

வந்தவாசி வந்தது. போனது.

வெயில் சாய்ந்தது. மலைகள் பின்னால் எங்கோ கரைந்துவிட்டன. கோட்டைக் கதவை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்று காலையில் வாசல் காவலாளி சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மணி ஐந்தேகால். ஐந்தரை. ஆறு.

பஸ்ஸில் யாரோ பாட்டுப் போட்டார்கள். குழந்தைகள் கத்தின. அவன் காதில் ஒன்றே ஒன்று. மூச்சை உறிஞ்சும் சத்தம். இடது மூலையில்.

வாலாஜாபாத் விளக்குகள் தெரிந்தன. டிரைவர் உள்விளக்கைப் போட்டார். மங்கலான நீல வெளிச்சம். வினோதினியின் தலை அந்தச் சின்னத் தோளில் சாய்ந்திருந்தது. தோள் மேலும் கீழும் அசையவில்லை. மூச்சுக்கு அசையவேண்டிய தோள். அசையவில்லை. அந்தக் கண்கள் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. எப்போதிலிருந்து?

ரகு எழுந்து நின்று கடைசியாக ஒரு தடவை எண்ணினான். “முப்பத்தெட்டு! ஃபுல் அட்டெண்டன்ஸ்!” எல்லோரும் கைதட்டினார்கள். அதுவும் கைதட்டியது. ஈரத்தில் ஈரம் படும் சத்தம்.

பலராமன் குனிந்தான். அட்டையைத் தொட்டான். யாருக்கும் கேட்காமல், கேட்டான்.

“என் பொண்ணு எங்க?”

அது அவன் காதருகே முகத்தைக் கொண்டுவந்தது. கலைமதியின் குரலிலேயே, கலைமதி கோபித்துக்கொள்ளும்போது பேசுகிற அதே கொஞ்சலோடு சொன்னது.

“அவ அங்கயேதான் உக்காந்துகினு கீறா. அவ பேரச் சொல்லி நீ கூப்பிடவே இல்லியேப்பா.”