மெழுகு பூசாத கட்டி

"என் கத்தி அழுக்காம் சார்! பதினாலு வருஷ வேலையை ஒரே வார்த்தையில கழுவி ஊத்திட்டாரு."

வந்ததும் வராததுமாகப் பொரிந்து தள்ளினாள் அந்த ஆய்வுக்கூடப் பெண். மூன்று மணிக்கு விசாரணை. தோற்றால் வேலை போய்விடும்.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவருடைய மைத்துனர் அதற்குள் நோட்டைத் திறந்திருந்தார்.

நாக்கில் கசப்பை உணரும் ஒரு புரதம். அதைப் போன வாரம் நுரையீரலில் கண்டிருக்கிறாள் இவள். சாயம் போட்டதும் அந்த இடம் பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. நாக்கைச் சீவிய கத்தியால் நுரையீரலையும் சீவியதால் ஒட்டிய அழுக்கு அது என்று இயக்குநர் அடித்துச் சொல்லிவிட்டார்.

"நாக்கை அன்னிக்குச் சீவினீங்களா?"

"தொடவே இல்ல சார். திசுவை மெழுகுக் கட்டியில பதிச்சு வெச்சிருப்போம். சீவி முடிச்சதும் வெட்டின பக்கத்துல மெழுகு பூசி, தேதியைக் கீறிடுவேன். காயக் கூடாதில்ல?"

"அந்தக் கட்டிங்க இருக்கிற அலமாரிச் சாவி?"

"அன்னிக்கே பிடுங்கிக்கிட்டாரு."

மூன்று மணிக்கு, விசாரணைக்கு வந்த தலைமை மருத்துவர் முன் அலமாரி திறக்கப்பட்டது. நாக்குக் கட்டியில் மெழுகு கலையாமல் இருந்தது. தேதி, இரண்டு மாதம் பழையது. நுரையீரல் கட்டியிலோ மெழுகே இல்லை. திசு வறண்டு கிடந்தது.

"பார்த்தீங்களா, இவ பொறுப்பை!" என்றார் இயக்குநர்.

மைத்துனரின் முகம் தொங்கிவிட்டது. "மாமா, இது நமக்கே ஆப்பு வெச்சிடுச்சே?"

"இல்ல மாப்ளே. எல்லாக் கட்டியிலயும் மெழுகு இருக்கு, இதுல மட்டும் இல்ல. அவங்க போன பிறகு, பூசிப் பழக்கமில்லாத ஒருத்தர் இதைச் சீவியிருக்கார். சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்தது." துப்பறிவாளர் இயக்குநர் பக்கம் திரும்பினார். "வெறும் அழுக்குன்னா, திருட்டுத்தனமா மறுபடி ஏன் சார் சீவினீங்க?"

தலைமை மருத்துவர் இயக்குநரின் மேசையைத் திறக்கச் சொன்னார். உள்ளே திசுச் சீவல் ஒட்டிய ஆறு கண்ணாடித் தகடுகள். ஓரத்தில் இயக்குநரின் கையெழுத்து: 'புதுக் கத்தி. நுரையீரல் மட்டும்.' அடியில் பத்திரிகைக்கு அனுப்பத் தயாரான கட்டுரை, அவர் பெயர் மட்டும் போட்டு. என்ன நெஞ்சழுத்தம்!

தலைமை மருத்துவர் நுண்ணோக்கியில் குனிந்தார். ஆறிலும் அதே பழுப்பு.

"உன் பேரையும் சேர்த்துடலாம்மா," என்று குழைந்தார் இயக்குநர்.

"சேர்க்கிறீங்களா? என் வேலையில என் பேரைச் சேர்க்க நீங்க யாரு?" அவள் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. நீங்க காய வெச்ச கட்டிக்கு மெழுகு பூசணும்."