ஒரே ஸ்கேனுக்கு இரண்டு அறிக்கைகள்

மூளை அறுவை மருத்துவரின் மண்டையை யாரோ ஆக்சிஜன் சிலிண்டர் ஸ்பேனரால் பிளந்துவிட்டார்கள். பழி ஸ்கேன் டாக்டரம்மாவின் தலையில் விழுந்தது. போலீஸ் வாசலில் நிற்க, அவள் அழைத்த துப்பறிவாளர் ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். அவருடைய உதவியாளன் அதற்குள் மாடிவரை மோப்பம் பிடித்துத் திரும்பியிருந்தான்.

இறந்தவரின் அறை முழுவதும் ரத்தம். ஸ்கேன் திரையில் தெறித்தது கறுத்துக் காய்ந்திருந்தது. இந்த மனிதரோடா மல்லுக்கட்டினோம் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சண்டை உண்மைதான் என்றாள். மூளைக் கட்டி அறிக்கையை ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி எழுதாமல், அறுவை நடந்த தேதி உட்பட எல்லாரும் ஒரே ஒழுங்கில் எழுத வேண்டும் என்பது அவள் கட்சி. அவரோ முரண்டு பிடித்தார். ஆறுகிற காயமும் ஸ்கேனில் கட்டியைப் போலவே ஒளிரும். தேதி தெரியாமல் படித்தால் ஏமாந்துபோவோம். அதைக் காட்டத்தான் அவர் கட்டியை எடுத்த ஒரு பெண்ணின் ஸ்கேனுக்கு நேற்று இரண்டு விதமாக எழுதினாள். புதிய முறையில், 'மிச்சம் இல்லை, காயம் ஆறுகிறது.' பழைய முறையில், தேதியைப் பார்க்காமல், 'கட்டி மிச்சம் உள்ளது.' பழையதை மட்டும் அவர் மேசையில் போட்டு, தப்பைக் கண்டுபிடிக்கும்படி சவால் விட்டுப் போனாள்.

"அந்தத் தாளை வேற யார் பார்த்தாங்க?" என்றார் துப்பறிவாளர்.

"யாரும் இல்லை. ரத்தத்துல ஊறிப்போய் போலீஸ்கிட்ட இருக்கு. அந்தப் பொண்ணு வீட்டுக்கு இன்னும் எதுவுமே சொல்லலை."

அவர் ஊழியர்கள், நோயாளிகளின் வீட்டார் எல்லாரையும் காத்திருப்புக் கூடத்துக்கு வரவழைத்து, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஊழியர்கள் மென்று விழுங்கினார்கள். அந்தப் பெண்ணின் அண்ணன் மட்டும் பல்லைக் கடித்தான்.

"என் தங்கச்சி தலையில கட்டியை மிச்சம் வெச்சுத் தைச்சவன். செத்தா சாகட்டும்."

"மிச்சம் இருக்குன்னு யார் சொன்னது?"

"ஸ்கேன்ல இருக்கே."

"ஸ்கேன்ல இல்லை தம்பி. ஒரே ஒரு தாள்ல இருந்துச்சு. போலீஸ் எடுக்கிறவரைக்கும் அது அவர் மேசையை விட்டு நகரவே இல்லை. அந்தத் தப்பு, அந்த அறைக்குள்ள போனவனுக்கு மட்டும்தான் தெரியும்."

அண்ணன் பாய்ந்து அவர் குரல்வளையை நெரித்தான். உதவியாளன் குறுக்கே விழுந்து மூக்குடைபட்டான். போலீஸார் தரையில் போட்டு அமுக்கியபோதும், இன்னும் நாலு அடி போட்டிருக்க வேண்டும் என்று அவன் கத்தினான்.

டாக்டரம்மா அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். "ஒரு துளிகூட மிச்சமில்லை. அவர் சுத்தமா எடுத்துட்டார். அந்தத் தாள் தப்பு. தப்புன்னு காட்டத்தான் நான் எழுதினேன்."

அவன் திமிறுவதை நிறுத்தினான்.

"அப்ப அவ பொழைச்சுட்டாளா?"

"பொழைச்சுட்டா."

அவன் தரையில் முகம் புதைத்து, தங்கையின் பெயரைச் சொல்லி அழுதான். இனி நீங்கள் போகலாம் என்று போலீஸ் சொன்னது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தத் தாளை எழுதியது அவள் கைதானே.