நாற்பத்திரண்டாவது பக்கம்

நோட்டுப் புத்தகம் சில்லென்று இல்லை. நான்கு நாளாக உறைகுளிர்ப் பெட்டியில் கிடந்த பொருள் அது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையில் வெண்பனி பிடித்திருந்தது, அதைப் பிரிப்பதற்குள் அவளுடைய விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன, ஆனால் உள்ளேயிருந்து அட்டையை வெளியே இழுத்தபோது, யாரோ இப்போதுதான் மடியில் வைத்து எழுதிவிட்டு மூடிய மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. வாசனையும் பழைய காகிதத்தின் புளித்த வாசனை இல்லை. தூங்கி எழுந்த ஆளின் கழுத்தோரம் இருக்குமே, அந்த வாசனை.

பெட்டி பழுதாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே இருந்த வெப்பமானி மைனஸ் முப்பது காட்டியது. சரி, வெப்பமானியும் பழுதாகியிருக்கும். அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானமா கிடைக்காது.

பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் இருந்த அரிய சேகரிப்புப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பாளர். பத்தொன்பது வருஷம். புதிதாக வரும் எந்தப் பெட்டியும் இருபத்தொரு நாள் உறைகுளிரில் கிடந்து, பூச்சியும் பூச்சி முட்டையும் செத்த பிறகே வாசிப்பறைக்குள் நுழையலாம் என்று சட்டம் எழுதி ஒட்டியவளே அவள்தான். அதற்காகத் துணைவேந்தரிடமே ஒற்றைக்காலில் நின்று சண்டை போட்டவள். அப்படிப்பட்டவள் இன்று நாலாம் நாளே உறையைப் பிரித்தாள் என்றால் காரணம் இருந்தது.

காலையில் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் போன் செய்து, மதிய வகுப்புக்குப் பதினொரு பேர் இல்லை, பன்னிரண்டு பேர் என்றார். பன்னிரண்டாவது ஆள் அவளுடைய மகள்.

மகளுக்கு வீட்டில் 'வாயாடி' என்று பெயர். வாயைத் திறந்தால் மூடாதவள். போன வருஷம் அப்பா இறந்துபோன பிறகு அந்த வாய் அடைத்துக்கொண்டது. சாப்பிட்டியா என்றால் ம், தூங்கினியா என்றால் ம். வகுப்பு மாறியதைக்கூட அவளிடம் சொல்லவில்லை, பேராசிரியர் சொல்லித்தான் தெரிந்தது. ஆனாலும் தானாகப் பேர் கொடுத்து அம்மாவின் வாசிப்பறைக்கு வருகிறாள். அவளுக்கு மட்டும் கொடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்?

வகுப்பு நடக்கும் விதம் எளிது. ஆளுக்கு ஒரு பழைய பொருள். முதல் ஒரு மணி நேரம் அதில் ஒரு பக்கத்தைப் பென்சிலால் பார்த்து எழுத வேண்டும், பிழை, அடித்தல் திருத்தல் உட்பட உள்ளது உள்ளபடி. பழைய கையெழுத்து அப்படித்தான் பிடிபடும். அப்புறம் ஒவ்வொருவரும் தான் கண்டதைச் சொல்ல வேண்டும். பதினொரு பொருளை ஒரு வாரமாகத் தேர்ந்து வைத்திருந்தாள். பன்னிரண்டாவதற்கு, மூடிப்போன ஏதோ ஒரு பெண்கள் விடுதியிலிருந்து வந்து உறைகுளிரில் கிடந்த அட்டைப்பெட்டியில் கைவிட்டு இந்த நோட்டை எடுத்தாள். கொண்டுவந்து வைத்த ஆள் ரசீதுகூட வாங்காமல் போயிருந்தான்.

புரட்டிப் பார்த்தாள். எழுதிய பக்கம் நாற்பத்தொன்று, ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு கையெழுத்து. மாணவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பூரித்துப்போனாள். வழக்கப்படி '41' என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியை மட்டும் படித்தாள். 'இந்த நோட்டில் முந்தின பக்கத்தைப் பார்த்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.' முதல் பக்கத்துக்கு ஏது முந்தின பக்கம் என்று சிரிப்பு வந்தது. மேற்கொண்டு படிக்க நேரமில்லை.

மூன்று மணிக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது என்று யாரோ சொன்னார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு எல்லா நேரமும் ஒன்றுதான். பன்னிரண்டு மேசை விளக்குகள், அவற்றின் மெல்லிய ரீங்காரம், ஈரக்குடைகளின் ரப்பர் வாடை, பன்னிரண்டு பென்சில்கள் காகிதத்தில் உரசுகிற சத்தம்; அந்தச் சத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி. மூலை மேசையில் மகள், புத்தகம் தாங்கும் திண்டின் மேல் நோட்டில் எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை விரித்துவைத்து, தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்துக் கையெழுத்து தெளிவாக இருந்ததால் அதையே எழுதச் சொல்லியிருந்தாள் அம்மா.

அரை மணி போயிருக்கும். உரசல்களுக்கு நடுவில் வேறொரு சத்தம் கேட்டது. கீறுகிற சத்தம். பேனா முள் தடித்த காகிதத்தில் இழுபடுகிற சத்தம். வாசிப்பறையில் பேனா கூடாது. எழுந்து மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லார் கையிலும் பென்சில். மூலைக்கு வந்ததும் சத்தம் நின்றது. மகள் கையிலும் பென்சில்தான். திரும்பி நடந்தாள். மறுபடி கீறல்.

உதவியாளரிடம் கேட்டாள். ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்த மனிதர், இந்த வயசில் தன் காதில் தன் பெண்டாட்டியின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் விழுவதில்லை என்றார். அவள் சிரித்துவைத்தாள். கீறல் வேகமாகியது. அடித்துப்பிடித்து எழுதுகிற வேகம். பிறகு சட்டென்று நின்றது.

மகள் நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தாள். ஒரு வருஷமாகக் காணாத சிரிப்பு.

அடுத்து நடந்ததை அவளால் நம்ப முடியவில்லை. முறை வந்ததும் வாயாடி எழுந்து பத்து நிமிஷம் பேசினாள். விடுதியின் நீளமான படுக்கையறை, ஆறு மணிக்கு அடிக்கிற மணி, கஞ்சியில் நெளிந்த புழு என்று கூடவே இருந்து பார்த்தவளைப் போல அடுக்கினாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. பொறுப்பாளர் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்ததே என்று இருந்தது அவளுக்கு.

ஐந்து மணிக்கு எல்லாரும் போனார்கள். உதவியாளர் மற்ற பொருள்களை வண்டியில் வைத்துக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனார். வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி நடைபாதையில் தேய்ந்து அடங்கியது. மகள் மட்டும் மேசையோரம் நின்று, விளக்கின் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீடு இங்கேருந்து தூரமா அம்மா?"

விளையாடுகிறாள் என்று இவள் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

"கிளம்பலாம் வாங்கம்மா."

வாங்க. பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்றுதான் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள் அந்தப் பெண்.

வகுப்பு முடிந்ததும் பக்கம் சரிபார்க்க வேண்டும். பழகிய கை தன் வேலையைத் தொடங்கியது. முதலில் மகள் எழுதிய தாளை எடுத்தாள். அது மகளின் கையெழுத்து இல்லை. நோட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கையெழுத்து, சுழி தப்பாமல் அப்படியே. பார்த்து எழுதியதில் படிந்துவிட்டது போலும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நோட்டை எண்ணினாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

நாற்பத்திரண்டு.

மசி காய்ந்திருந்தது. பக்கம் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. கையெழுத்து அவள் உலகத்தில் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லக்கூடியது. ஒன்றாம் வகுப்பில் கைபிடித்து எழுதவைத்த கையெழுத்து. இடப்பக்கம் சாய்ந்த 'அ'. பெருத்த வயிற்று 'ம'.

'அம்மா நான்தான். எழுதி முடிச்சதும் இங்க இருக்கேன். ரொம்பக் குளிருது. உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், நீ மேசை மேசையாப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்ட. அங்க பேசறது நான் இல்ல.'

முந்தின பக்கத்துக்குப் புரட்டினாள். 'முந்தின பக்கத்தைப் பார்த்து எழுதி முடித்தேன். அதை எழுதியவள் எழுந்து என் உடம்பில் உட்கார்ந்தாள். நான் இங்கே.' அதற்கு முன்பக்கம். அதே. அதற்கும் முன். அதே. வேறு வேறு கை. ஒரே சேதி. யாருடைய பக்கத்தைப் பார்த்து எழுதுகிறோமோ, அவள் வெளியே. எழுதியவள் உள்ளே.

பூச்சி சாக இருபத்தொரு நாள். இவர்களுக்கு எத்தனை நாள் ஆகியிருக்குமோ. தான் காத்திருக்கவில்லை. தன் கையாலேயே எடுத்து, தன் கையாலேயே பக்கத்தையும் விரித்துக் கொடுத்தாள்.

மறுபடி நாற்பத்திரண்டு. அடியில் ஒரு வரி. முன்பு பார்த்தபோது இல்லாத வரி. மசி ஈரம்.

'இதைப் பாத்து எழுதிடாதே அம்மா.'

மகளின் முகத்தோடு நின்றவள் குனிந்து பார்த்தாள். தடுக்கவில்லை. அவளுக்கென்ன, கிடைத்த உடம்பு கிடைத்ததுதான். அவள் கழுத்திலிருந்து வெதுவெதுப்பாக அந்த வாசனை வந்தது.

"விட்டுடுங்களேன்," என்றாள் தணிவாக. "நான் உங்களை நல்லா பாத்துக்கறேன். நிறையப் பேசுவேன்."

அம்மா பென்சிலை எடுத்தாள். எழுதினாள்.

அம்மா நான்தான். சாய்ந்த 'அ'. பெருத்த 'ம'. பிழை உட்பட. உள்ளது உள்ளபடி. விரல் குளிர்ந்தது. மணிக்கட்டு. தோள். பயத்தில் பல் கிட்டித்தது. நிறுத்தவில்லை. பாத்து. எழுதிடாதே.

அம்மா.

விளக்கின் ரீங்காரம் நின்றது. குளிர். நாலாபுறமும் வெள்ளை. பக்கத்தில் யாரும் இல்லை.

மேலே, வெகு உயரத்தில், அவளுடைய முகம் தெரிந்தது. நரை விழுந்த முன்முடி, மூக்குக்கண்ணாடி, ஐம்பது வயசு. அது தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கன்னத்தைத் தடவிப் பார்த்தது. அப்புறம் வாயைத் திறந்து, குழந்தை அழுவதைப் போல, அம்மா, அம்மா என்று கூப்பிட்டது.

அதன் தோளைச் சுற்றி மகளின் கை இருந்தது. மகளின் இன்னொரு கை அட்டையை மூட இறங்கி வந்தது.