துரைக்கு ஒரு துளி விஷம்

செல்போன் அலறியது.

சாப்பாட்டு மேஜையில் கிடந்த மனைவியின் செல்போன். திரையில் எழுத்துகள் பளிச்சிட்டன.

'துரை டாக்டர்.'

அவனுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை! அவனுடைய மூக்குக் கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. புருஷன் வீட்டில் இருக்கும் ஒரே நாள். அன்றைக்கும் இவனா?

துரை என்பது பூனை. வெள்ளை வெளேரென்று, நீலக் கண்ணோடு, சோபாவின் நடு இடத்தைப் பட்டா போட்டுக்கொண்ட பூனை. அதற்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் துரை டாக்டர். ஆள் நல்ல உயரம். சிரித்தால் கன்னத்தில் குழி. குரல் அதைவிட மோசம்... வெண்ணெய்!

காலையில்தான் துரையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போய் வந்திருந்தாள் மனைவி. வந்ததிலிருந்து ஒரே டாக்டர் புராணம். பாடி முடித்துவிட்டு இப்போதுதான் குளிக்கப் போயிருந்தாள். அதற்குள் போனா?

சிவப்பு பட்டனை அழுத்தினான். கட்!

மறுபடி அலறியது.

கட்!

மறுபடி...

"விட மாட்டான் போலிருக்கே, பாவி!"

பல்லைக் கடித்தான். திரையில் இரண்டு தட்டு. டாக்டரின் நம்பர் பிளாக் ஆனது. வந்த அழைப்புகளின் சுவடையும் துடைத்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான்.

"யாருங்க போன்ல?" குளியலறைக்குள்ளிருந்து குரல்.

"ராங் நம்பர்!"

பொய்யே இல்லை. அவனைப் பொறுத்தவரை அதைவிட ராங்கான நம்பர் உலகத்தில் கிடையாது.

மனைவி ஈரத் தலையில் துண்டோடு வெளியே வந்தாள். பையிலிருந்து சின்ன டியூப் ஒன்றை எடுத்தாள். துரையைப் பிடித்து மடியில் அமுக்கினாள்.

"உண்ணி மருந்துங்க. கழுத்துக்குப் பின்னாடி விட்டா போதுமாம். டாக்டர்..."

"சொன்னாரு. தெரியுது."

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான். கன்னத்துல குழியா விழும்?"

"எந்தக் குழி?"

"ஒண்ணுமில்ல. நீ மருந்தைப் போடு."

அவள் பூனையின் கழுத்து ரோமத்தை விரலால் மெதுவாகப் பிரித்தாள். டியூப்பை நசுக்கினாள். தன் தலையை அவள் அப்படிக் கோதிவிட்டு எத்தனை நாளாயிற்று என்று அவன் யோசித்தான். டாக்டர் மேல் இருந்த கடுப்பில் பாதி பூனை மேல் திரும்பியது.

மதியம். சாப்பிட்டுவிட்டு அவன் லேசாகக் கண்ணயர்ந்த நேரம்...

"ஐயோ!"

மனைவியின் அலறல்!

சமையலறைக்கு ஓடினான். தரையில் துரை. நாலு காலும் வெடவெடவென்று உதறின. வாயில் நுரை. நீலக் கண்கள் மேலே செருகியிருந்தன.

"என்னங்க... துரைக்கு என்னமோ ஆகுதுங்க! காப்பாத்துங்க!"

அழுதுகொண்டே டாக்டரின் நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். அவள் ஹலோ சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கம் பதறியது.

"அந்த மருந்தைப் போட்டுட்டீங்களா?"

"டா... டாக்டர்... உங்களுக்கு எப்படி..."

"போட்டீங்களா இல்லையா?!"

"போட்டுட்டேன்..."

"உடனே வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு! கழுத்தை நல்லாக் கழுவுங்க. துடைச்சு, துண்டுல சுத்திக் கொண்டு வாங்க. சீக்கிரம்மா!"

அவன் மனைவியின் கையிலிருந்த போனையே வெறித்தான்.

காலையில் வந்த போன்... எச்சரிக்கை! 'மருந்தைப் போடாதே' என்று சொல்ல வந்த போன். அதைத்தான் கட் பண்ணிக் கட் பண்ணி விளையாடியிருக்கிறான்!

சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். சொன்னால் இவள் என்னை விட்டுப் போய்விடுவாள்!

பயத்தோடு பயமாக இன்னொரு எண்ணமும் எட்டிப் பார்த்தது. டாக்டர் தொலைந்தான்!

"கேட்டியா?" என்றான். "நீ ஒண்ணுமே சொல்லலை. அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? தெரிஞ்சேதான் குடுத்திருக்கான்! நான் போலீஸைக் கூப்பிடப் போறேன்."

"என்னமோ பண்ணுங்க... முதல்ல தண்ணியைக் கொதிக்க விடாம சூடு பண்ணுங்க!"

கிளினிக்.

எஃகு மேஜையில் துரை. காலில் ஊசி. உதறல் குறைவதும் கூடுவதுமாக இருந்தது. டாக்டரின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கன்னக் குழியைக் காணோம். அதைப் பார்க்க அவனுக்குத் தித்தித்தது.

வாசலில் ஜீப் நின்றது. பக்கத்து ஸ்டேஷன் பெண் எஸ்.ஐ. உள்ளே வந்தார். அவன் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டவர். அந்த உரிமையில்தான் போன் செய்திருந்தான்.

"வாங்க மேடம்! இவருதான். நல்லா இருந்த பூனைக்கு விஷத்தைக் குடுத்துட்டாரு. லைசென்ஸைப் பிடுங்குங்க!"

"இருங்க சார், மூச்சு விடுங்க. டாக்டர்... என்ன நடந்துது?"

டாக்டர் பூனையின் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"தப்பு என்னோடதுதான் மேடம். காலையில ஒரு பெரிய நாய்க்கும் உண்ணி மருந்து எடுத்து வச்சேன். ரெண்டு டியூப்பும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். படிச்சுப் பாக்காம கைமாத்திக் குடுத்துட்டேன். நாய்க்கு அது மருந்து. பூனைக்கு விஷம்."

"ஒத்துக்கிட்டான் பாருங்க!" அவன் துள்ளினான்.

"ஆனா இவங்க கிளம்பின கொஞ்ச நேரத்துலயே பூனையோட டியூப் மேஜையில கிடந்ததைப் பார்த்தேன். உடனே போன் பண்ணேன். திரும்பத் திரும்பப் பண்ணேன். கட் பண்ணிட்டே இருந்தாங்க. அப்புறம் லைனே போகலை. வீடும் எனக்குத் தெரியாது."

மனைவி நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"பொய் சொல்லாதீங்க டாக்டர்! எனக்கு ஒரு போனும் வரலை. இந்தாங்க மேடம், நீங்களே பாருங்க!"

எஸ்.ஐ. பார்த்தார். காலையில் டாக்டர் அழைத்ததாக ஒரு வரிகூட இல்லை.

அவன் உதட்டுக்குள் சிரித்தான். மனைவி வாயாலேயே டாக்டருக்குப் 'பொய்யன்' பட்டம்! இதைவிட இனிப்பான வார்த்தையை அவன் காது கேட்டதேயில்லை.

"டாக்டர், உங்க போன்?"

டாக்டர் ஒற்றைக் கையால் நீட்டினார். அதில் வரிசையாக அழைப்புகள்! அத்தனையும் இவள் நம்பருக்கு.

"சரி," என்றார் எஸ்.ஐ. "இதுலேர்ந்து இப்ப என் முன்னாடி இந்தம்மாவுக்குப் போடுங்க."

போட்டார்.

மனைவியின் போன் மூச்சுக் காட்டவில்லை.

எஸ்.ஐ. தன் போனிலிருந்து போட்டார். அது மட்டும் கணகணவென்று அடித்தது!

"வேடிக்கையா இருக்கே... டாக்டர் கூப்பிட்டா மட்டும் காது கேக்கலை!" எஸ்.ஐ. மனைவியின் போனில் எதையோ தேடித் தட்டினார். "பிளாக் பண்ணியிருக்கு. ஒரே ஒரு நம்பர். டாக்டரோடது. நீங்களாம்மா பண்ணீங்க?"

"நானா? நான் எதுக்கு... காலையில நான் குளிச்சிட்டு இருந்தேன். போன் மேஜையில... ஏதோ ராங் நம்பர்னு..."

பாதியிலேயே நின்றுவிட்டாள். மெல்லத் திரும்பினாள்.

மூன்று ஜோடிக் கண்கள் அவன் மேல்.

"நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடி ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றார் எஸ்.ஐ. "உங்க நெத்தி வேர்வை ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாத் தெரியுது."

கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். அப்புறம் அணை உடைந்தது.

"ஆமா! நான்தான்! என்ன பண்ணச் சொல்றீங்க? காலையில எழுந்தா டாக்டர், ராத்திரி படுத்தா டாக்டர்! வாரா வாரம் கிளினிக்! பூனைக்குத் தும்மல்னு ஒரு வாரம், நகம்னு ஒரு வாரம்! நான் காய்ச்சல்ல கிடந்தப்போ இவ ஒரு டாக்டரைக் கூப்பிட்டாளா? எரியுது மேடம்... வயித்துக்குள்ள எரியுது!"

துரையின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது.

மனைவி பேசினாள். குரலில் அழுகை போயிருந்தது. அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"நான் எதுக்கு வாரா வாரம் இங்க வந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எ... எதுக்கு?"

"துரையைக் குடுத்துடத்தான்! அவன் என் மடியில உக்காந்தா உங்களுக்கு ஆகலை. சோபாவுல படுத்தா ஆகலை. ஒரு பூனை மேல பொறாமைப்படுற மனுஷனோட எத்தனை நாள் மல்லுக்கட்டுறது? ஒரு நல்ல குடும்பமாப் பாத்துச் சொல்லுங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சிட்டிருந்தேன். உங்களுக்காக!"

டாக்டர் தலையசைத்தார். "இன்னிக்குக் காலையிலதான் ஒரு குடும்பம் அமைஞ்சுது. அந்த சந்தோஷத்துல பேசிட்டே மருந்தை எடுத்தேன். அங்கதான் கை தப்பிடுச்சு."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பூனையும் போயிருக்கும். கிளினிக்கும் நின்றிருக்கும். டாக்டர் புராணமும் முடிந்திருக்கும். ஒரே ஒரு போனை அடிக்க விட்டிருந்தால்...!

மேஜையில் சின்ன அசைவு.

துரையின் உதறல் நின்றிருந்தது! தலையைத் தூக்கி, சுற்றிலும் பார்த்து, கம்மிய குரலில் 'மியாவ்' என்றது. மனைவி அப்படியே குனிந்து அதன் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"பிழைச்சுட்டான்மா," என்றார் டாக்டர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "ராத்திரி இங்கேயே இருக்கட்டும். என் மேல நீங்க புகார் குடுக்கலாம். தடுக்க மாட்டேன்."

"குடுக்கத்தான் போறேன் டாக்டர். நீங்க நல்லவர்தான். ஆனா படிச்சுப் பாக்காம மருந்து குடுத்தது தப்புதான்."

"நியாயம்மா."

"அப்புறம், அந்தக் குடும்பத்துகிட்ட சொல்லிடுங்க. துரையைக் குடுக்கிறதா இல்லை. என்கூடத்தான் இருப்பான்."

அவன் மெல்ல அருகில் வந்தான். கையைப் பிசைந்தான்.

"அப்போ... நாமளும் துரையும்... நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாமா?"

"நானும் துரையும் போறோம்." அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டாக்டர், அந்தக் குடும்பம் பாவம், ஆசையாக் காத்துட்டிருப்பாங்க. துரைக்குப் பதிலா இவரை எடுத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க!"

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு தொப்பியை மாட்டினார்.

"தடுப்பூசி எல்லாம் போட்டாச்சான்னு கேப்பாங்களே டாக்டர்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். காலையிலிருந்து காணாமல் போயிருந்த கன்னக் குழி மெல்லத் தலைகாட்டியது.

"வெறிநாய்க் கடிக்குக்கூட ஊசி இருக்கு மேடம்... பொறாமைக்குத்தான் இன்னும் வரலை!"