யாருக்கும் சொந்தமில்லாத அறை

தண்ணீர்ப் பையின் உறிஞ்சுகுழலில் ஒரு முடி சிக்கியிருந்தது. நோரீன் அதைப் பல்லிடுக்கில் உணர்ந்து, நாக்கால் தள்ளி, விரலால் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். கருகருவென்று, வழவழப்பாக, நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு. நோரீனின் முடி செம்பட்டை, அதுவும் காது வரைதான். விண்வெளி நிலையத்தில் இருந்த இன்னொரு ஆளான க்ளெப்புக்கோ முழு வழுக்கை.

குமட்டிக்கொண்டு வந்தது. எடையில்லாத இடத்தில் வாந்தி எடுத்தால் அது கீழே விழுந்து தொலையாது. உருண்டை உருண்டையாக எடுத்தவர் முகத்தையே சுற்றி வரும். அதனால் அடக்கிக்கொண்டாள்.

"தொகிகோ முடி," என்றான் க்ளெப். ரஷ்யன், ஐம்பதைத் தாண்டியவன். தலைகீழாகத் தொங்கியபடி டின்னுக்குள் கரண்டியை விட்டு மீனைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தான். "அந்த ஜப்பான்காரிக்குத்தான் இவ்ளோ நீளம்."

"அவ ஊருக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு க்ளெப். நேத்துகூட வீடியோவுல பேசினா. வடிகட்டிய எத்தனை தடவ மாத்தியிருக்கோம், இது எங்கேருந்து வந்துச்சு?"

"உன்னை விட்டுப் பிரிய மனசு வரலையோ என்னவோ." சிரித்தான். "இதுக்கே மூஞ்சியச் சுளிக்கிறியே நோரொச்கா! நேத்து நான் ட்ரெட்மில்லுல ஓடி வடிச்ச வேர்வைதான் இப்ப உன் கையில காபியா இருக்கு. இங்க எல்லாரும் எல்லாரையும் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான். வியர்வை, சிறுநீர், மூச்சில் வரும் ஈரம், எதுவும் இங்கே வீணாவதில்லை. எல்லாவற்றையும் வடித்துத் திரும்பக் குடிக்கிறார்கள். நடக்கவே தேவையில்லாததால் உள்ளங்கால் தோல் ஊறித் தளர்ந்து, காலுறையைக் கழற்றும்போது வெங்காயச் சருகுபோல் கழன்று மிதக்கும். வெட்டிய நகம், உதிர்ந்த புருவ முடி, ரொட்டித் துணுக்கு, எச்சில் துளி, எல்லாம் காற்றோட்டத்தோடு போய்க் காற்றாடிகளின் வலைத்தகட்டில் அப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். சாம்பல் நிறக் கம்பளிபோல் வரும் அதைத் தொடவே நோரீனுக்குக் கூசும். முப்பது வருடம் பத்துப் பன்னிரண்டு நாட்டு ஆட்கள் வாழ்ந்த வீடு இது. அவர்கள் போய்விட்டாலும் தோல் இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு நாடாகக் கழன்றுகொண்டபின் மிஞ்சியது இரண்டு பகுதிகள்தான். ஒன்று ரஷ்யர்களுடையது, மற்றது அமெரிக்கர்களுடையது. இரண்டுக்கும் பின்னால், ஒரு சிறு பேருந்து அளவுக்குப் பின்னறை ஒன்று. அதைக் கட்டியது ஒரு நாடு, காசு கொடுத்தது இன்னொரு நாடு, உள்ளே சாமான் அடுக்கியது மற்ற எல்லா நாடுகளும். அதன் சுவரில் விரிசல் விழுந்து காற்று கசியத் தொடங்கியதும், கட்டியவர் காசு கொடுத்தவரைக் கை காட்டினார், காசு கொடுத்தவர் கட்டியவரைக் கை காட்டினார். கூட்டம்மேல் கூட்டம் போட்டார்கள். கடைசியில் கதவைச் சாத்தி வைத்தார்கள். மூன்று வருடமாக அந்த அறைக்குள் காற்றாடி ஓடவில்லை, விளக்கு எரியவில்லை, யாரும் துடைக்கவில்லை. நிலையத்தின் ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த மூலையைத்தான் தேடிப் போனது. கதவோரம் போனாலே, ஊறப்போட்டு மறந்த துணிவாளியைத் திறந்ததுபோல் ஒரு வீச்சம் அடித்தது.

இப்போது கீழே பூமியில் இருப்பவர்களுக்கு ஞானம் வந்திருந்தது. கசிவு அடைபட்டால் இரண்டு நாடுகளும் சேர்ந்து நிலையத்தை இன்னும் சில வருடம் ஓட்டும். அடைபடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, நிலையத்தைக் கடலில் இறக்கிவிடுவார்கள். ஒப்பந்தத் தாள் கீழே மேசையில் காத்திருந்தது. க்ளெப் பசை டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

கதவருகே வந்ததும் வழக்கம்போல் இரண்டு விரலால் தட்டி, "மோஷ்னா?" என்றான்.

"மோஷ்னா," என்றாள் நோரீன்.

நிலையத்தின் மரியாதை அது. மோஷ்னா என்றால் ரஷ்ய மொழியில் வரலாமா என்று அர்த்தம். வரலாம் என்பதற்கும் அதே சொல்தான். குரல் மேலே ஏறினால் கேள்வி, கீழே இறங்கினால் அனுமதி. ஆபத்து நேரத்தில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் இங்கே எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது, இரு பக்கமும் கைப்பிடி உண்டு. கீழே இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்த காலத்தில்கூட, மேலே எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் கதவைத் தட்டி இதைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்தவர் பக்கம் போவான். வந்த முதல் நாளே இதைத்தான் கற்றுக்கொடுப்பார்கள். பதில் வராமல் கதவைத் திறந்தவர் ஒருவர்கூட இல்லை என்று க்ளெப் பெருமையாகச் சொல்வான்.

"யாருமே இல்லாத ரூமுக்கு எதுக்கு என்கிட்ட பர்மிஷன் கேக்குற?"

"பழக்கதோஷம். வரும்போதும் கேப்பேன், சொல்லிடு. மாஸ்க்குல காத்து கொஞ்சந்தான் இருக்கு, தூங்கிடாத."

அவன் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். விரிசல் பெரிதாகிவிட்டால் மீதி நிலையமாவது பிழைக்க வேண்டுமே. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியே அவனுடைய நெற்றி விளக்கின் வெளிச்சம் அசைவது தெரிந்தது. பக்கத்தில் இருந்த அழுத்தமானியில் முள் சிறிது சிறிதாக இறங்கியது. காதுக்கருவியில் அவன் மூச்சு.

"நோரா, இங்க ஈரமா இருக்கு."

"எவ்வளவு?"

"சுவர் முழுக்க. சாமான் எதுவுமே தெரியல, மேல ஏதோ படர்ந்து மூடியிருக்கு. பால் காய்ச்சினா ஆடை கட்டுமே, அந்த மாதிரி. ஆனா தடியா இருக்கு." உவ்வே என்று அவன் தொண்டை எக்கியது. எதையும் தின்று செரிக்கும் க்ளெப்பிடமிருந்து அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. "முடி முளைச்சிருக்கு. இங்க கறுப்பு, அந்தாண்ட மஞ்சள். நகம் வேற. சின்னச் சின்னதா, வரிசையா."

"தொடாத. விரிசல மட்டும் அடைச்சிட்டு வா."

"விரிசல் இதுக்கு அடியிலதான் இருக்கு. கொஞ்சம் உரிச்சாத்தான்..." ஈரத் துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு அவன் குரல் இறங்கிப்போனது. "சூடா இருக்கு நோரா. இது ஏன் சூடா இருக்கு?"

காற்றோட்டமில்லாத குளிர்ந்த அறை அது. சூடாக இருக்க அங்கே எதுவும் கிடையாது. நோரீனின் முதுகில் வியர்வை துளிர்த்தது. வழிய இடமில்லாமல் சட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு பெருத்தது.

"க்ளெப், வெளியே வா."

கண்ணாடியில் வெளிச்சம் ஒருமுறை சுழன்றது, மங்கியது. பசை டப்பா எதிலோ மோதியது. அதன்பின் வழுவழுவென்று, நிறைய ஈரம் ஒரே நேரத்தில் நகர்வதுபோல் ஒரு சத்தம். சப்புக்கொட்டும் சத்தம்.

அழுத்தமானியின் முள் இறங்குவதை நிறுத்தியது.

"நோரீன்! நின்னுடுச்சு!" கீழேயிருந்து கட்டுப்பாட்டு அறையின் குரல் பாய்ந்து வந்தது. பின்னணியில் இரண்டு கண்டத்துக் கட்டுப்பாட்டு அறைகளிலும் ஒரே ஆரவாரம். "கசிவு சுத்தமா அடைச்சிடுச்சு! க்ளெப் பெரிய ஆளுப்பா! அவன வெளிய கூப்பிடு. கதவு தொறந்ததும் ரெண்டு பேரும் கை குலுக்குங்க, ரெண்டு நாட்டு டிவியிலயும் நேரடியா போவுது."

"அவன் பேச மாட்டேங்கிறான்."

"லைன் போயிருக்கும். சிரிச்ச மாதிரி நில்லு, கேமரா ஓடுது."

அடைத்தது க்ளெப் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை. கண்ணாடி உள்பக்கம் முழுக்க ஆவி படிந்து வெளுத்திருந்தது. அவள் தன் பக்கம் துடைத்துப் பார்த்தாள், பயனில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்பக்கத்தில் ஏதோ ஒன்று, அகலமாக, மெதுவாக, கீழிருந்து மேலாக நக்கியதுபோல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது. அந்தக் கோட்டின் வழியே தெரிந்தது வெறும் இளஞ்சிவப்பு.

இரண்டு தட்டு.

"மோஷ்னா?"

க்ளெப்பின் குரல்தான். அதே கரகரப்பு. ஆனால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல்.

சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். "க்ளெப், உன் பொண்ணு பேரு என்ன?"

"மோஷ்னா?"

"பேரச் சொல்லு, உடனே சொல்றேன். உன் பொண்ணு பேரு!"

"மோஷ்னா?"

மாஸ்க்கில் காற்று முடியும் நேரம். உள்ளே இருப்பது அவன்தான் என்றால், அடிபட்டு நினைவு தப்பி அந்த ஒரு சொல் மட்டும் வாயில் மிஞ்சியிருந்தால், அவள் இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு கணமும் அவனைக் கொன்றுகொண்டிருக்கிறாள். அவன் இல்லை என்றால்? அவள் கை கைப்பிடிக்குப் போனது. பின்வாங்கியது. மறுபடி போனது.

அப்போது காதுக்கருவி கரகரத்தது. கதவுக்கு அப்பாலிருந்து இல்லை, காதுக்குள்ளேயே, வெகு மெல்லமாக, உண்மையான க்ளெப்.

"நோரா... வாயத் தொறக்காத."

எதையோ விழுங்கினான். விழுங்கிக்கொண்டே இருந்தான். களக் களக் என்று அந்தச் சத்தம் நீண்டு, அப்புறம் அதுவும் நின்றது.

நோரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் வழியாமல் கண்ணிலேயே கெட்டிப்பட்டு உலகத்தைக் கலங்கலாக்கியது. அவனைக் காப்பாற்ற முடியாது. சரி. பதில் வராமல் இங்கே யாரும் கதவைத் திறப்பதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு தட்டு.

"மோஷ்னா?" இப்போது தொகிகோ. அவளுக்கே உரிய கூச்சத்தோடு.

"மோஷ்னாஆ?" ஒரெஸ்தே. பாடுவதுபோல் இழுத்துக் கேட்கும் இத்தாலியன். ரோமில் உயிரோடு இருக்கிறான், பேரன் பிறந்ததற்குப் படம் அனுப்பியிருந்தான்.

பிறகு அவளுக்குத் தெரியாத குரல்கள். அவளுக்கு முன்னால் வந்தவர்கள். ஆண்கள், பெண்கள். முப்பது வருடமாக இந்தக் கதவில் தட்டியவர்கள் எல்லோரும். ஒவ்வொருவராக. மரியாதையாக. பொறுமையாக.

கூடவே வீச்சம். கதவின் ரப்பர் விளிம்பைத் தாண்டி வந்தது. வியர்வை. பழைய காலுறை. விடியற்கால வாய் நாற்றம். கூட்டமான ஒரு பேருந்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவள் முகத்தில் மூச்சு விட்டதுபோல். அவள் மூச்சை அடக்கினாள்.

இரண்டு தட்டு.

"மோ... ஸ்னா?"

தப்பான உச்சரிப்பு. புதிதாகக் கற்றுக்கொண்டவளின் தயக்கம். பின்னாலேயே ஒரு சின்னச் சிரிப்பு.

வந்த முதல் நாளின் நோரீன்.

தன் குரலைத் தனக்கு வெளியே கேட்ட திகைப்பில் கை நழுவியது. என்னது என்று கேட்கத்தான் வாய் திறந்தது. காதில் விழுந்த சொல்லே வெளியே வந்தது.

"மோஷ்னா...?"

கேள்வியாகத்தான் தொடங்கினாள். மூச்சு தீர்ந்திருந்தது. குரல் மேலே ஏறவில்லை. பாதியில் தளர்ந்து, கீழே இறங்கி, அடங்கிப் போயிற்று.

உள்ளே குரல்கள் நின்றன.

கைப்பிடி திரும்பியது.

அவள் இரண்டு கையாலும் பிடித்துத் தடுத்தாள். கால் ஊன்ற இடமில்லை. கைப்பிடி அவளையும் சேர்த்துத் திருப்பியது. கதவு அரையடி திறந்தது. வெதுவெதுப்பான ஈரக் காற்று முகத்தில் அப்பியது.

முதலில் ஒரு கை வந்தது. அது க்ளெப்பின் கை உறைதான். கிழிந்திருந்தது. கிழிசலில் பிதுங்கிய தோல் ஓரிடத்தில் வெளுப்பு, ஓரிடத்தில் மாநிறம், ஓரிடத்தில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு. கட்டைவிரலில் மட்டும் மூன்று நகம். கைக்குப் பின்னால் கதவின் இடுக்கு நிறைய, மேலிருந்து கீழ்வரை, பாலாடைபோல் ஈரமான அந்தப் படலம். அது மூச்சு விட்டது.

கை நீண்டது. நட்பாக. அவள் கையைப் பற்றியது.

"ஆஹா!" என்றது கீழே. கேமராவுக்குத் தெரிந்தது கதவிடுக்கில் இரண்டு கைகள் மட்டும். "அப்படியே பிடிச்சிருங்க! அருமை!"

நோரீன் கையை உருவினாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். உள்ளங்கைத் தோல் ஊறிப்போனதுபோல் தளர்ந்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஒரு கையுறையாகச் சத்தமில்லாமல் கழன்றது. கழன்ற தோல் அந்தக் கையின் மேல் படிந்தது. சுருக்கம் நீவி, பொருந்தி, வெப்பம் ஏறி, அதன் விரல்களோடு சேர்ந்து அசைந்தது.

கீழே இரண்டு நாடுகளும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தன.