சித்தப்பாவின் மடித்த ஷூ

ஸ்கேன் எடுக்கும் அக்கா சுண்டெலியின் கழுத்தில் சில்லென்று எதையோ தடவினார். சுண்டெலி கூச்சத்தில் நெளிந்தாள்.

"சிரிச்சா படம் ஆடும். சிரிக்காம இரு."

"சிரிக்காதன்னு சொன்னாத்தான் அக்கா எனக்குச் சிரிப்பு வருது!"

சுண்டெலிக்கு வயது பத்து. எந்தச் சந்து பொந்திலும் நுழைந்து எதையாவது கண்டுபிடித்துவிடுவாள் என்று சித்தப்பா வைத்த பெயர் அது. பள்ளியில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு உடம்பில் எந்த வலியும் இல்லை. ஆள் ஒல்லிக்குச்சி. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவாள். ஆனால் அவள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பு அளவுக்கு மேல் இருந்தது. கண்டதைத் தின்றதால் வந்தது இல்லை. அப்பாவின் மூக்கு அவளுக்கு வந்ததே, அதுபோல அப்பாவிடமிருந்து பிறவியிலேயே வந்தது. போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது.

அந்தக் கொழுப்பு ரத்தக் குழாயில் படிய ஆரம்பித்துவிட்டதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். பக்கத்தில் அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் வார் அறுந்திருக்கும்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"குழாய்ச் சுவர் வழவழன்னு இருக்கு. ஒரு பொட்டு அழுக்குகூட இல்ல. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா!" என்று அவர் சொன்னது வெளி வராந்தா வரைக்கும் கேட்டது.

"எங்கே, காலைக் காட்டு" என்றார் டாக்டர். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்கேன் கழுத்துல எடுத்தீங்க, இப்ப காலைப் பிடிக்கறீங்க. எதுக்கு டாக்டர்?"

"உனக்கு ஒண்ணும் இல்ல. பெரியவங்க சில பேருக்கு அந்தக் கொழுப்பு இங்கேயும் வந்து உக்காந்துக்கும். இந்த இடம் தடிச்சுப் போயிடும். ஷூ போட்டா பின்னால கடிக்கும்."

சுண்டெலி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அது அதிசயம். அவள் நினைப்பெல்லாம் சித்தப்பாவின் ஷூவில் இருந்தது.

அப்பாவின் தம்பிதான் சித்தப்பா. எந்த ஷூ வாங்கினாலும் பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பாக்கிவிடுவார். அவர் வருவதற்கு முன்னால் 'சரக் சரக்' என்று சத்தம் வரும். "நல்ல ஷூவை இப்படி நாசம் பண்றாரே! குனிஞ்சு இழுத்துவிடக்கூட சோம்பல்" என்று அம்மா பத்து வருஷமாகத் திட்டுகிறார். சித்தப்பாவும் பத்து வருஷமாகச் சிரிக்கிறார்.

அவரையும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் போன வருஷமே சொல்லியிருந்தார். "நாளைக்குப் போறேன்" என்றார் சித்தப்பா. அந்த நாளை இன்னும் வரவில்லை.

அப்பாவின் அப்பா, நாற்பத்திரண்டு வயதில் நின்ற இடத்திலேயே விழுந்து இறந்துபோனவர். சித்தப்பாவுக்கு இப்போது முப்பத்தொன்பது. சுண்டெலிக்குக் கணக்கு வராது. ஆனாலும் இந்தக் கழித்தலை அவள் மனசு தானாகவே போட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் நேராகச் சித்தப்பாவின் சலூனுக்குப் போனாள். உள்ளே நாற்காலியில் ஒரு பொடியன் கத்தரிக்கோலைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தான். சித்தப்பா பதறவில்லை. தலையில் தண்ணீர் அடிக்கும் பாட்டிலை அவன் கையில் கொடுத்தார்.

"நீ என் மூஞ்சில எத்தனை தடவை வேணும்னாலும் அடிச்சுக்கலாம். தலையை மட்டும் ஆட்டக் கூடாது. சரியா?"

புஸ்! பொடியன் அழுகையை நிறுத்தினான். புஸ், புஸ்! அவன் சிரித்து முடிப்பதற்குள் முடிவெட்டு முடிந்துவிட்டது. சித்தப்பாதான் மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றார்.

பொடியன் போனதும் சுண்டெலி ஒரு சீப்பைத் தவறவிட்டாள். தவறி விழுந்ததாக நாம் நம்ப வேண்டாம். சீப்பை எடுக்கும் சாக்கில் நாற்காலிக்கு அடியில் நுழைந்து சித்தப்பாவின் குதிகாலைப் பார்த்தாள். தசைநார் அவளுடையதைப்போல மெல்லியதாக இல்லை. இரண்டு காலிலும் வீங்கித் தடித்திருந்தது.

"சித்தப்பா, இது வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. ஷூதான் ஒத்து வர மாட்டேங்குது. எல்லாருக்கும் அப்படித்தானே?"

"எனக்கு இல்லையே. பாருங்க." அவள் தன் காலை நீட்டினாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

சித்தப்பா தன் குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இன்னிக்குக் கூட்டம். நாளைக்குக் கத்தரி சாணை பிடிக்கணும். அதுக்கப்புறம்..." என்று இழுத்தார்.

அவர் கையிலிருந்த கத்தரிக்கோல் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. சுண்டெலி அதைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"சித்தப்பா, உங்களுக்கு ஊசின்னா பயமா?"

கத்தரிக்கோல் நின்றது.

"உங்க அப்பாகிட்ட சொல்லிடாதே. பள்ளிக்கூடத்துல ஊசி போட வந்தப்ப நான் சுவர் ஏறிக் குதிச்சு ஓடினேன். அதையே இன்னும் சொல்லிக் காட்டுவார்."

"சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணி பாட்டிலை மட்டும் கடன் கொடுங்க. நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேரும் போறோம்."

மறுநாள் ரத்தம் எடுக்கும் இடத்தில் சித்தப்பாவின் முகம் வெளுத்திருந்தது. நர்ஸம்மா ஊசியை எடுத்ததும் அவர் கண் வாசலைத் தேடியது. இந்த வயதில் சுவர் ஏறிக் குதித்தாலும் குதிப்பார் போலிருந்தது.

சுண்டெலி பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவருடைய இன்னொரு கையில் வைத்தாள்.

"நீங்க என் மூஞ்சில எத்தனை தடவை வேணும்னாலும் அடிச்சுக்கலாம். கையை மட்டும் ஆட்டக் கூடாது. சரியா?"

சித்தப்பா அவளைப் பார்த்தார். புஸ்! அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புஸ், புஸ், புஸ்! முடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தது. நர்ஸம்மாவுக்கும் இரண்டு புஸ் இலவசமாகக் கிடைத்தது.

"முடிஞ்சுது, எழுந்திருங்க" என்றார் நர்ஸம்மா.

"அதுக்குள்ளயா? நான் இன்னும் நாலு தடவை அடிக்கலாம்னு இருந்தேனே!"

சுண்டெலி சந்தேகப்பட்டது சரிதான். சித்தப்பாவின் கொலஸ்ட்ரால் அப்பாவுடையதைவிட அதிகமாக இருந்தது. இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. இதயத்துக்கும் சோதனை செய்தார்கள். முடிவு வரும்வரை மூன்று நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கொஞ்சம் படிஞ்சிருக்கு. ஆனா அடைப்பு எதுவும் இல்ல. நல்ல நேரத்துல வந்துட்டீங்க. மாத்திரையை ஒழுங்காப் போட்டுக்கிட்டு அப்பப்ப வந்து காட்டினாப் போதும். பயப்பட வேண்டாம்."

சித்தப்பா கண்ணைத் துடைத்தார். "கண்ணுல முடி விழுந்திருச்சு" என்றார். ஆஸ்பத்திரியில் ஏது முடி என்று யாரும் கேட்கவில்லை. அப்பா அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். அந்தக் கை வீடு வரும்வரை இறங்கவில்லை.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பத்து வருஷமாச் சோம்பேறின்னு திட்டினேனே" என்று சொல்லிச் சொல்லி வருந்தினார். அடுத்த வாரம் பின்பக்கமே இல்லாத ஒரு ஜோடி ஷூவை வாங்கி வந்தார்.

சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன அண்ணி இது? இனிமே நான் எதை மிதிச்சு மடக்கறது?"

இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சுண்டெலி சலூனுக்குப் போன் செய்கிறாள்.

"சித்தப்பா, மாத்திரை?"

தண்ணீரோடு மாத்திரை விழுங்கும் சத்தம் கேட்கும். அதன் பிறகு பதில் வரும்: புஸ், புஸ்.

சுண்டெலி சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, தன்னுடைய மாத்திரையை எடுக்கப் போவாள்.